காரைக்குடியில் எங்கே, எப்போது சாப்பிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளையார்பட்டி கும்பிட வருகிறவர்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்கள், வீட்டுத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஊருக்குக் கிளம்பும் முன் எனக்குப் போன் செய்து ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள்: எங்கே சாப்பிடலாம்? திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை அவரவர் கேட்டபடியே எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் சாப்பிட்ட ஒருவரும் மனக்குறையோடு திரும்பக் கூடாது என்பது என் ஆசை.

காரைக்குடியில சாப்பாட்டுத் தெருன்னு எது? ஆட்டோக்காரர்கிட்ட எங்கன்னு சொல்றது?

ஒரே தெருவைக் காட்டி இதுதான் என்று சொல்ல முடியாது. ராத்திரி வெளிச்சமும் கூட்டமும் வேண்டுமென்றால் செக்காலை ரோடு, பெரியார் சிலைப் பக்கம், நூறடி ரோடு என்று சொல்லுங்கள். பரோட்டாக் கடை, பிரியாணிக் கடை, ஏசி போட்ட உணவகம், பேக்கரி, ஜூஸ் கடை எல்லாம் அங்கே உண்டு. கல்லுக்கட்டியும் கொப்புடையம்மன் கோவில் பக்கமும் பகலுக்கும் சாயங்காலத்துக்கும் உரியவை. கடைவீதியில் சாமான் வாங்கிக்கொண்டே காபியும் பலகாரமும் சாப்பிடலாம்.

ஆனால் இந்த ஊரில் தெருவைவிட மணிதான் முக்கியம். மத்தியானம் அருமையாக இருக்கும் கடை ராத்திரி திறந்தே இருக்காது. சாயங்காலம் பணியாரம் போடும் ஆச்சி ஏழரைக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுவார். அதனால் எங்கே என்று கேட்பதற்கு முன் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

செட்டிநாடுன்னா காரைக்குடி மட்டும்தானா?

இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்கள் எல்லாம் சேர்ந்ததுதான் செட்டிநாடு. ஒரு காலத்தில் 96 ஊர் என்பார்கள், இன்று எழுபத்துச் சொச்சம். தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி எல்லாம் அதில் சேர்த்திதான். ஆனால் கடையில் உட்கார்ந்து சாப்பிட வசதி அதிகம் இருப்பது காரைக்குடியில். சின்ன ஊர்களில் பெரிய வீட்டைப் பார்த்துவிட்டுப் பசியோடு நின்றால் டீக்கடை பன்தான் கிடைக்கும். சாப்பாட்டுக்குக் காரைக்குடி திரும்பிவிடுவது நல்லது.

சரி, எத்தனை மணிக்கு என்ன சாப்பிடணும்?

காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் இட்லி, இடியாப்பம், ஆப்பம். காலையிலேயே கறிக்குழம்பு ஊற்றும் கடைகளும் உண்டு, இடியாப்பத்துக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. மத்தியானம் மெஸ் சாப்பாடு. சரியான நேரம் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றேமுக்கால் வரை. சாயங்காலம் நாலரையிலிருந்து ஏழு வரை பணியாரம், சீயம், மசாலாச் சீயம், வடை. இதை எங்கள் பக்கம் இடைப்பலகாரம் என்போம். ராத்திரி ஏழரைக்கு மேல் ஊர் முழுக்கப் பரோட்டாக் கல் சத்தம்தான்.

நேரம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பெங்களூரிலிருந்து வந்த மச்சானை ஒரு மெஸ்ஸுக்கு மூன்று மணிக்குக் கூட்டிப் போனேன். சுக்கா தீர்ந்துவிட்டது, நண்டு தீர்ந்துவிட்டது. குழம்பு அடியில் நின்று உப்பேறிப் போயிருந்தது. “இதுக்காடா ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தேன்?” என்று கேட்டுவிட்டார். மறுநாள் அதே கடைக்கு ஒரு மணிக்குப் போனோம். இலையை மூட மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார். சமையல்காரர் மாறவில்லை, நாங்கள் போன மணிதான் மாறியது.

மெஸ்ஸுன்னா என்ன? ஹோட்டலுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

மெஸ் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்தும் சிறிய சாப்பாட்டுக் கடை. மெனு கார்டு இருக்காது. இலை போட்டு, சோறு வைத்து, கூட்டு பொரியல் வைத்து, எந்தக் குழம்பு வேண்டும் என்று கேட்பார்கள். கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன்குழம்பு, நண்டுக்குழம்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கலாம். எல்லாவற்றையும் ஒரே சோற்றில் ஊற்றிக் குழப்பாதீர்கள். ஒரு கவளம், ஒரு குழம்பு. கடைசியில் ரசமும் மோரும்.

அப்புறம் ஒருவர் பெரிய தட்டில் சின்னச் சின்னக் கிண்ணமாக அடுக்கிக்கொண்டு வருவார். சுக்கா, ஈரல், மூளை, கோலா உருண்டை, காடை, இறால் என்று எல்லாம் அதில் இருக்கும். கண்ணெதிரே பார்த்து எடுக்கலாம் என்பது நல்ல வழக்கம்தான். ஆனால் குழம்பு சாப்பாட்டு விலையில் சேர்த்தி, கிண்ணம் அப்படியில்லை. எடுத்த ஒவ்வொன்றும் தனி பில். புதிதாக வருகிறவர்கள் இலவசம் என்று நினைத்து நாலைந்து எடுத்துவிட்டுக் கல்லாவில் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எடுக்கும் முன் “அண்ணே, இது எவ்வளவு?” என்று கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

செட்டிநாட்டுச் சாப்பாடு காரமாத்தான் இருக்குமாமே? எனக்கு வயிறு தாங்காது.

இந்தப் பயம் வெளியூர் ஹோட்டல்கள் கிளப்பிவிட்டது. செட்டிநாடு என்று பெயர் வைத்து மிளகாய்த் தூளையும் சிவப்புச் சாயத்தையும் கொட்டினால் அது எங்கள் சமையல் ஆகாது. வீட்டில் சோம்பு, சீரகம், மிளகு, சின்ன வெங்காயம், தேங்காய் எல்லாம் அளவோடு சேரும். கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்னாசிப்பூவும் வாசத்துக்குத்தான். கல்பாசி ஒரு சிட்டிகை கூடினாலும் குழம்பு கசக்கும்.

கார பயம் உள்ளவர்கள் தண்ணிக்குழம்பு, இளங்குழம்பு, கோழி ரசம் கேளுங்கள். வெண்டைக்காய் மண்டி கிடைத்தால் விடாதீர்கள். அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைப்பது அது. புளிப்புத் தூக்கலாக, காரம் பின்னால் நிற்கும். கோழி மிளகு வறுவலையும் உப்புக்கறியையும் முதல் நாளே தொடாதீர்கள். உப்புக்கறியில் மசாலாத் தூள் கிடையாது. வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, நல்லெண்ணெய், உப்பு, கறி. பார்க்கச் சாதுவாக இருக்கும், மிளகாய் முழுதாக உள்ளே கிடக்கும்.

கடையில ‘செட்டிநாடு சிக்கன்’ கேட்டேன், ஒரு மாதிரி பார்த்தாங்களே?

ஏனென்றால் இந்த ஊரில் சமைப்பது எல்லாமே செட்டிநாடுதான்! அந்தப் பெயர் வெளியூர் மெனு கார்டில் பிறந்தது. இங்கே கோழிக்குழம்பா, வறுவலா, மிளகுக் கோழியா, சுக்காவா என்று கேட்க வேண்டும். நெய்ச்சோறு, பட்டர் நான் வைக்கும் நூறடி ரோட்டு உணவகங்களில் அந்தப் பெயரிலேயே கிடைக்கும். அதுவும் நன்றாக இருக்கலாம், ஆனால் அதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

வெள்ளைப் பணியாரம் எங்க நல்லா இருக்கும்? ரெண்டு கடையில ரெண்டு விதமா இருந்துச்சு.

கடை பேரைவிடக் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு டம்ளர் நிறையப் பச்சரிசி, அதே டம்ளரின் தலையில் கோபுரமாக உளுந்து, இதுதான் வீட்டு அளவு. இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் போல ஆட்டி, உப்பும் துளி சர்க்கரையும் போடுவார்கள். கரண்டியில் மொண்டு எண்ணெயில் ஊற்றியதும் அடியில் போய், ஒரு நொடியில் மேலே வந்து, நடுவில் உப்பி ஓரம் பூவாக விரிய வேண்டும். ஒரே ஒரு திருப்புதான். நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

ஒரு சட்டியில் ஒரு நேரத்தில் ஒரு பணியாரம் ஊற்றுகிறார்களா என்று பாருங்கள். நாலைந்து சேர்த்து ஊற்றினால் எண்ணெய்ச் சூடு இறங்கி, பணியாரம் தட்டையாகி எண்ணெய் குடிக்கும். பொன்னிறமாக அடுக்கி வைத்திருந்தால் அது முன்னாலேயே சுட்டது, வாங்காதீர்கள். உடன் வைக்கும் வரமிளகாய்ச் சட்னி சிவப்பாகக் கெட்டியாக இருக்க வேண்டும். தேங்காய்ச் சட்னி மட்டும் வைத்தால் கேட்டு வாங்குங்கள்.

குழிப்பணியாரம் வேறு சங்கதி. அது குழிச்சட்டியில் ஊற்றுவது, தாளித்த மாவு. கந்தரப்பம் இனிப்பு. பெயர் தெரியாவிட்டால் கையைக் காட்டி “ஆச்சி, அது ரெண்டு குடுங்க” என்றாலும் போதும்.

நாங்க சைவம். எங்களுக்கு இங்க என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. நகரத்தார் சிவன் கோவில்களைக் கட்டிக் காத்தவர்கள், அவர்களுடைய கல்யாண விருந்து இன்றும் சைவம்தான். மேலே சொன்ன இடைப்பலகாரம் அத்தனையும் சைவம். மத்தியானத்துக்குச் சைவச் சாப்பாட்டுக் கடைகள் பஸ் ஸ்டாண்டுப் பக்கமும் கடைவீதியிலும் உண்டு. ஆனால் அங்கே கிடைப்பது பொதுவான தமிழ்நாட்டுச் சாப்பாடு. மண்டி, பிரட்டல், கோசமல்லி போன்றவை வேண்டுமென்றால் பாரம்பரிய விடுதிகளில் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். கத்திரிக்காயும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கோசமல்லியை இட்லிக்குத் தொட்டுப் பாருங்கள், சாம்பார் மறந்துபோகும்.

கவுனரிசி எங்க சாப்பிடலாம்? கறுப்பா இருக்கே, அது என்ன?

கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது. கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வியாபாரம் செய்ய, போன செட்டியார்கள் அங்கிருந்து தேக்கு மரத்தோடு சாப்பாட்டு ருசியையும் கொண்டுவந்தார்கள். ரங்கூன் புட்டு என்ற பெயரே அதற்குச் சாட்சி. கவுனி அரிசியை ராத்திரி முழுக்க ஊறவைத்து, குழைய வேகவைத்து, தேங்காய்த் துருவல், சர்க்கரை, நெய் சேர்த்துப் பிசைவார்கள். கல்யாண வீட்டுக் காலைப் பலகாரத்தில் முதல் இடம் அதற்குத்தான்.

கடையில் தினமும் கிடைக்காது. கல்யாணத்துக்கு அழைப்பு வந்திருந்தால் காலைப் பந்தியைத் தவறவிடாதீர்கள், அதுதான் நல்ல வழி. இல்லாவிட்டால் பலகாரக் கடையில் முதல் நாள் சொல்லிவையுங்கள்.

பங்களா மாதிரி இடத்துல ஒரு சாப்பாட்டுக்கு அவ்வளவு காசு குடுக்கலாமா?

ஒரு தடவை கொடுக்கலாம் என்பது என் கருத்து. தேவகோட்டை சாலையில் இருக்கும் பங்களா, கானாடுகாத்தான் விசாலம், கடியாபட்டி சிதம்பர விலாஸ், கொத்தமங்கலம் சாரதா விலாஸ் எல்லாம் பழைய வீடுகளை விடுதியாக மாற்றியவை. மெஸ்ஸைவிடப் பல மடங்கு ஆகும். ஆனால் கடையில் கிடைக்காத பதார்த்தங்கள் வாழை இலையில் வரிசையாக வரும், பரிமாறுகிறவர் ஒவ்வொன்றின் பேரும் சொல்வார், அவசரப்படுத்த மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு நம் சாப்பாட்டை அறிமுகம் செய்ய இது நல்ல இடம்.

நேரே போய் நின்றால் இடம் கிடைப்பது சந்தேகம். முதல் நாளே போன் செய்து எத்தனை பேர், சைவமா அசைவமா என்று சொல்லிவிடுங்கள். பசியோடு போகவும் வேண்டும். காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அங்கே போய் உட்காருவது வீண்.

மீன், நண்டு நம்பிச் சாப்பிடலாமா? கடல் தூரமாச்சே.

ரொம்பத் தூரமில்லை. தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீன்தான் இங்கே வருகிறது, வண்டியில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். பாக் நீரிணையில் விசைப்படகு வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகு மற்ற நாளும் போவது பழைய ஏற்பாடு. அதனால் எல்லா நாளும் எல்லா மீனும் இருக்காது, இருப்பதைச் சாப்பிடுவதே புத்தி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது பெரிய மீன் கேட்டால் வெகுதூரத்து ஐஸ் மீனாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த மாதங்களில் நான் கறி, கோழியோடு நிறுத்திக்கொள்வேன். நண்டு கேட்கும்போது ஓட்டைத் தொட்டுப் பார்க்க முடியாது, ஆனால் மணம் பொய் சொல்லாது. கிண்ணம் பக்கத்தில் வந்ததும் மூக்கில் நெடி ஏறினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ராத்திரி பத்து மணிக்கு மேலதான் ஊருக்குள்ள வருவோம். ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் பரோட்டாதான். செக்காலை ரோட்டிலும் பஸ் ஸ்டாண்டுப் பக்கமும் பதினொன்று வரைக்கும் கல் சூடாக இருக்கும். கொத்துப் பரோட்டா, முட்டை தோசை, கலக்கி, கரண்டி ஆம்லெட் அப்போதே போட்டுத் தருவது என்பதால் பயமில்லாமல் சாப்பிடலாம். கலக்கிக்கு முட்டையோடு கொஞ்சம் குழம்பு ஊற்றி, கல்லில் விட்டு, பாதி வெந்ததும் சுருட்டி எடுப்பார்கள். சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று தமிழக அரசு 2019-இல் ஆணை போட்டது உண்மை. அதை நம்பி ஒரு மணிக்கு வந்து நிற்காதீர்கள். இங்கே கூட்டம் குறைந்ததும் கடைக்காரரே ஷட்டரை இறக்கிவிடுவார். ரயிலோ பஸ்ஸோ தாமதமானால் தங்கும் விடுதிக்குப் போன் செய்து நாலு இட்லி எடுத்து வைக்கச் சொல்வது நல்லது.

ராத்திரி ஜாலியா உட்கார பார், பப் எல்லாம் இருக்கா?

நகரத்து மாதிரியான பப் கிடையாது. டாஸ்மாக் கடை பகல் 12 முதல் இரவு 10 வரை. சில ஹோட்டல்களில் பார் உண்டு. எங்கள் ஊரின் ராத்திரி வாழ்க்கை என்பது வேறு. ஒன்பது மணிக்குக் குடும்பத்தோடு வண்டியில் வந்து ரோஸ்மில்க் குடிப்பதும், அழகப்பா கல்லூரிப் பிள்ளைகள் பரோட்டாக் கடை முன் நின்று பேசுவதும், திருவிழா சமயத்தில் கோவில் வாசல் கடைகளில் சுற்றுவதும்தான். எனக்கு அது போதும்.

பொம்பளைங்க தனியா போய் ராத்திரி சாப்பிடலாமா?

போகலாம். குடும்பங்கள் உட்காரும் நூறடி ரோட்டு உணவகங்களுக்கு ஒன்பதரைக்குள் போவது வசதி. ரோட்டோரப் பரோட்டாக் கடையில் நின்று சாப்பிடச் சங்கடமாக இருந்தால் பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள். சால்னாவைத் தனிப் பொட்டலமாகக் கட்டச் சொல்லுங்கள். என் தங்கை மகள் இங்கே படித்த நான்கு வருடமும் அப்படித்தான் சாப்பிட்டாள், ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

பில்லுல ஜிஎஸ்டி போடுறாங்க, சில கடையில போடல. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். சாதாரண உணவகத்தில், ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 5 சதவீதம். அறை வாடகை நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போகும் விடுதியின் உணவகத்தில் 18 சதவீதம். பங்களா மாதிரி இடம் என்று மேலே சொன்ன விடுதிகளுக்குப் போகும்போது இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறிய கடைகள் பலவும் காம்போசிஷன் என்ற, சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்தில் இருக்கும். அவர்கள் தங்கள் வியாபாரத்துக்கு வரி கட்டுவார்கள், ஆனால் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. பில்லில் அந்தத் திட்டத்தில் இருப்பதாக அச்சடித்துவிட்டு, அதற்குக் கீழேயே ஜிஎஸ்டி என்று சேர்த்திருந்தால் அது தவறு. எனக்கு ஒரு கடையில் அப்படி நடந்தது. பில்லைக் காட்டி நிதானமாகக் கேட்டேன், கல்லாவில் இருந்தவர் அடித்துத் திருத்திக் கொடுத்தார். சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் கட்ட விருப்பமில்லை என்று சொல்லலாம், அது கட்டாயமில்லை.

எந்த நாள்ல வராம இருக்கிறது நல்லது?

பெரிய முகூர்த்த நாட்களில் நல்ல சமையல்காரர்கள் பாதிப் பேர் கல்யாண வீட்டில் இருப்பார்கள். பிள்ளையார் சதுர்த்தி, குன்றக்குடிப் பங்குனி உத்திரம் சமயத்தில் சாலையும் கடையும் நிரம்பி வழியும். புரட்டாசியில், அதுவும் சனிக்கிழமையில், அசைவக் கடைகளில் வியாபாரம் குறைவு, பதார்த்தமும் குறைவு. சைவக்காரர்களுக்கு அது நல்ல மாதம்.

பலகாரம் வாங்கிட்டுப் போனா எத்தனை நாள் தாங்கும்?

தேன்குழல், சீப்புச்சீடை, கைமுறுக்கு, மணகோலம் போன்றவை காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாராளமாக நிற்கும். அதிரசம் ஒரு வாரம். மாவுருண்டையில் நெய் நன்றாக இருந்தால் பத்து நாள். கும்மாயம், கந்தரப்பம், பணியாரம் எல்லாம் அன்றைக்கே தீர்க்க வேண்டியவை. வெள்ளைப் பணியாரத்தைப் பார்சல் வாங்கிச் சென்னை கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், அரை மணி நேரத்தில் தோல் போல ஆகிவிடும். வாங்கும் முன் ஒரு முறுக்கை உடைத்து மோந்து பாருங்கள். பழைய எண்ணெய் வாடை உடனே தெரியும்.

எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான். என்ன செய்யலாம்?

காலை எட்டு மணிக்கு இடியாப்பமும் கறிக்குழம்பும், சைவமென்றால் இட்லி, விடுதியில் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் கோசமல்லியும். லேசாக நிறுத்திக்கொள்ளுங்கள். கானாடுகாத்தான், ஆத்தங்குடி பார்த்துவிட்டு ஒன்றுக்குள் காரைக்குடி திரும்பி மெஸ்ஸில் உட்காருங்கள். பலரும் சொல்லும் பேர் ஸ்ரீ பிரியா மெஸ். அங்கே கூட்டமாக இருந்தால் ஆட்டோக்காரரிடம் “நீங்க மத்தியானம் எங்கண்ணே சாப்பிடுவீங்க?” என்று கேளுங்கள். நான் வெளியூர் போனாலும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன்.

சாப்பிட்டதும் ஒரு தூக்கம். எழுந்து முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பித்தளைச் சாமான், எனாமல் பாத்திரம் விற்கும் கடைகளைச் சுற்றினால் ஐந்தரை ஆகிவிடும். அப்போதுதான் பணியார எண்ணெய் சரியான சூட்டில் இருக்கும். ராத்திரிக்கு ஒரு கலக்கி, ஒரு பரோட்டா. அதற்கு மேல் வயிற்றில் இடமிருக்காது.